ஃபியூஸ் பிடுங்க ஆள் வராத காலம்

வேளாண் இணைப்புகள் நீங்கலாக, தகவல் தொடர்பு வசதியுள்ள எல்லா இடங்களிலும் 2025 மார்ச் மாதத்துக்குள் பிரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர். மத்திய மின்துறை அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவிக்கை இப்படித்தான் கெடு வைத்தது. அந்தக் கெடு தாண்டிப் போயிற்று. தமிழ்நாட்டில் சென்னை உட்பட எட்டு மாவட்டங்களுக்கு 82 லட்சம் மீட்டர் வாங்குவதற்கான டெண்டரை, கேட்ட விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் மின்வாரியமே ரத்து செய்தது. கெடு தள்ளிப்போகிறதே தவிர, திட்டம் கைவிடப்படவில்லை. வாசகர்களின் கடிதங்களும் நின்றபாடில்லை.

கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பது ஒன்றைத்தான்: புது மீட்டர் வேகமாக ஓடுமா? ஓடினால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, அதைக் கடைசியில் பார்க்கலாம். அதைவிடக் கவலைப்பட வேண்டிய பாகம் ஒன்று அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டவர் அநேகமாக யாருமில்லை.

அது ஒரு ரிலே. வீட்டுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் மறுபடி கொடுக்கவும் வல்ல சுவிட்ச். ஸ்மார்ட் மீட்டருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 16444 இதை மீட்டருக்கு உள்ளேயே வைக்கச் சொல்கிறது. மீட்டரை அளவு எடுக்கும் கருவியாக மட்டுமே அதிகாரிகள் மேடைகளில் விவரிக்கிறார்கள். உண்மையில் அது கணக்கெடுப்பவரும் வயர்மேனும் சேர்ந்த ஒரே உருப்படி. எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையிலிருந்து கட்டளை வந்தால் போதும், வீடு இருண்டுவிடும்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி. உத்தரப் பிரதேசத்தில் ஸ்மார்ட் மீட்டர் வைத்திருந்த ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் ஒரே நாளில் மின்சாரம் போனது. பில் கட்டியவர் வீட்டிலும் போனது. தவறான கட்டளை ஒன்று அனுப்பப்பட்டுவிட்டது என்பதே வெளிவந்த காரணம். சிறப்பு அதிரடிப் படை விசாரிக்கும் அளவுக்கு விவகாரம் வளர்ந்தது. ஒன்றரை லட்சம் ஃபியூஸ்களை ஒரே நாளில் கையால் பிடுங்க எந்த மின்வாரியத்திடமும் ஆள் கிடையாது. அந்த ஆள் பற்றாக்குறையே இத்தனை காலம் நுகர்வோருக்கு ஒரு காப்பாக இருந்தது.

சட்டம் எழுதப்பட்டதும் அந்தக் காலத்தை மனதில் வைத்துத்தான். மின்சாரச் சட்டம் 2003-இன் 56ஆவது பிரிவு, பணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்கும் முன் எழுத்துப்பூர்வமாகக் குறைந்தது 15 முழு நாள் அறிவிப்பு தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் என்று நாம் பழகியிருக்கும் கணக்கில் இந்த 15 நாளும் அடக்கம். அதற்குப் பிறகும் வயர்மேன் தெருவுக்கு வர வேண்டும், ஏணி சாய்க்க வேண்டும், ஃபியூஸ் கேரியரில் கை வைக்க வேண்டும். "நாளைக்குக் காலையில கட்டிடறேண்ணே, வீட்ல குழந்தை இருக்கு" என்று சொல்ல ஒரு முகம் எதிரே இருக்கும். அவர் கேட்காமலும் போகலாம். ஆனால் கேட்கக் கூடிய இடத்தில் ஒருவர் நின்றார்.

பிரீபெய்டில் இந்த 15 நாள் என்ன ஆகிறது? மின்சார (நுகர்வோர் உரிமைகள்) விதிகள், 2020-இல் விடை இருக்கிறது. செலுத்திய தொகை தீர்ந்ததும் மீட்டர் தானாகவே மின்சாரத்தை நிறுத்தும்படி அமைக்கலாம். ஆனால் அது துண்டிப்பாகக் கருதப்படாது. ரீசார்ஜ் செய்ததும் மின்சாரம் திரும்பும். நுகர்வோரின் உரிமைகளைக் காப்பதற்கென்று எழுதிய விதிகளுக்குள்தான் இந்த வரிகள் வருகின்றன. வீட்டில் விளக்கு எரியாது, ஃபேன் சுற்றாது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அங்கே எதுவும் துண்டிக்கப்படவில்லை. துண்டிப்பே நடக்காதபோது அதற்கு 15 நாள் அறிவிப்பு எதற்கு?

போவது அறிவிப்பு மட்டுமல்ல. அதே 56ஆவது பிரிவில் அதிகம் பேசப்படாத பாதுகாப்பு ஒன்று உண்டு. பில் தொகை தவறு என்று தகராறு வந்தால், கேட்ட தொகை, முந்தைய ஆறு மாதச் சராசரிப்படி வரும் தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால் போதும். தகராறு தீரும்வரை இணைப்பில் கை வைக்கக் கூடாது. மாதம் 800 ரூபாய் கட்டிவந்த வீட்டுக்குத் திடீரென 9,000 வந்தால் இந்தப் பிரிவுதான் துணை. பிரீபெய்டில் தகராறு செய்வதற்குள் பணம் மீட்டருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தவறாகக் கழிந்ததைத் திரும்பப் பெற நுகர்வோர்தான் அலைய வேண்டும், அதுவும் ரீசார்ஜ் செய்துகொண்டே.

தமிழ்நாட்டின் கட்டணப் படிக்கட்டு இதை இன்னும் கூர்மையாக்கும். 2022 செப்டம்பரில் வந்த பட்டியலை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய். 500-ஐத் தாண்டியதுமே 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த 2.25 ரூபாய் சலுகை விலை போய், அவையும் 4.50-க்கு ஏறிவிடுவதுதான் காரணம். பைசாக் கணக்கு பிறகு மாறியது. கவனிக்க வேண்டியது அந்தப் பாய்ச்சலை. இப்போது அது பில்லில் ஒரு வரியாக வருகிறது, கட்ட அவகாசமும் இருக்கிறது. தினசரி கழிக்கும் பிரீபெய்டில் இதே கணக்கு ஓடினால்? மே மாதம், கணக்கீட்டுச் சுற்றின் ஐம்பதாவது நாளுக்கு மேல், இருப்பில் 200 ரூபாய் வைத்துவிட்டுக் குடும்பம் தூங்கப் போகிறது. ஏசி 501ஆவது யூனிட்டைத் தொடுகிறது. காலையில் இருப்பு மைனஸ். அன்று யாரும் கூடுதலாக எதையும் ஓட்டவில்லை.

செல்போன் ரீசார்ஜ் மாதிரிதான் இதுவும் என்று விளக்கம் சொல்கிறார்கள். செல்போனில் பணம் தீர்ந்தால் இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். ஃப்ரிட்ஜில் இன்சுலின் வைத்திருப்பவருக்கு அந்த இரண்டு நாள் கிடையாது.

அப்படியிருந்தும் பிரீபெய்டுக்கு ஏன் இத்தனை அவசரம்? மறுசீரமைக்கப்பட்ட விநியோகத் துறைத் திட்டத்தில் மத்திய அரசு தரும் மானியம், சிறப்புப் பிரிவில் வராத மாநிலங்களுக்கு, மீட்டர் செலவில் 15 சதவீதம் அல்லது 900 ரூபாய், எது குறைவோ அது. மீட்டர் பிரீபெய்டாக இயங்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. நுகர்வோர் வசதிக்காக என்பது அறிவிப்பு. பணம் முன்கூட்டியே கைக்கு வரும், பாக்கி வசூலிக்க ஆள் அனுப்ப வேண்டாம் என்பது விநியோக நிறுவனத்தின் வசதி. அந்த வசதியைக் குறை சொல்வதற்கில்லை. நிலுவையால் நொடித்த மின்வாரியங்கள் எல்லோருக்கும் சுமைதான். அதற்கான விலையை யார் வீட்டு இருட்டில் வசூலிப்பது என்பதுதான் பிரச்சினை.

பிரிட்டன் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு வலுக்கட்டாயமாகப் பிரீபெய்டு மீட்டர் வைக்க நீதிமன்ற வாரண்ட் வேண்டும். ஸ்மார்ட் மீட்டரையோ வாரண்ட் இல்லாமல், தொலைவிலிருந்தே பிரீபெய்டுக்கு மாற்றிவிடலாம். பாக்கி வைத்த ஏழை வீடுகளில் நடந்தவை 2023 பிப்ரவரியில் பத்திரிகைகளில் வெளிவந்ததும் கட்டாய மாற்றமே நிறுத்தப்பட்டது. அந்த நவம்பரில் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் கொண்டுவந்த விதிகளின்படி, மாற்றும் முன் நுகர்வோரைத் தொடர்புகொள்ளக் குறைந்தது பத்து முறை முயல வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டிலும், வேறு துணையில்லாத 75 வயது தாண்டியவர் வீட்டிலும் கட்டாயமாக மாற்றவே கூடாது. தொலைவிலிருந்து மாற்றுவதற்கும் இதே விதிகள்தான்.

நம் விதிகளின் அந்த இரண்டு வரிகளில் குழந்தையும் இல்லை, நோயாளியும் இல்லை, இரவு பகலும் இல்லை. சில மாநில விநியோக நிறுவனங்கள் இரவிலும் விடுமுறையிலும் துண்டிப்பதில்லை என்று தாங்களாக வைத்திருக்கின்றன. தாங்களாகத் தந்ததைத் தாங்களாகவே எடுத்துக்கொள்ளவும் முடியும். தமிழ்நாட்டில் இது ஒழுங்குமுறை ஆணையத்தின் விநியோக விதித்தொகுப்பிலேயே ஏற வேண்டும்: இருப்பு தீர்ந்தாலும் குறைந்தபட்ச அவகாசம், மாலை முதல் காலை வரை துண்டிப்புக்குத் தடை, மருத்துவக் கருவி உள்ள வீடுகளின் பட்டியல், தகராறு நிலுவையில் உள்ள தொகையைக் கழிக்கத் தடை, தவறான கட்டளையால் இருண்ட வீட்டுக்கு இழப்பீடு. மீட்டர் சுவரில் ஏறிய பிறகு இவற்றை எழுதலாம் என்றால், அதுவரை அந்த ரிலே யாருடைய விதிப்படி இயங்கும்?

மற்ற கேள்விகள்.

பிரீபெய்டு வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நுகர்வோர் பிரீபெய்டு மீட்டர் வழியாக மின்சாரம் பெறத் தயாராக இருந்தால் டெபாசிட் கேட்கக் கூடாது என்று சட்டத்தின் 47(5) பிரிவு சொல்கிறது. அது விருப்பம்தான் என்று வாதிட இந்தப் பிரிவு இடம் தருகிறது. 2020 விதிகள் கட்டாயம் என்கின்றன. விதிவிலக்கு தரும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கு உண்டு.

கட்டிய டெபாசிட்? பிரீபெய்டுக்கு மாறினால் திரும்ப வர வேண்டிய பணம், எழுத்தில் கேளுங்கள்.

மீட்டர் வேகமாக ஓடினால்? 2024 பிப்ரவரித் திருத்தப்படி, புகார் கொடுத்த ஐந்து நாளுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்றை வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட வேண்டும்.

புது மீட்டர் அதிக லோடு காட்டினால் பழைய காலத்துக்கும் அபராதம் போடுவார்களா? கூடாது. 2023 ஜூன் திருத்தம் தடுக்கிறது. லோடை உயர்த்தவும், ஒரு நிதியாண்டில் மூன்று முறையாவது அது மீறப்பட்டிருக்க வேண்டும்.

பகலில் ஒரு விலை, மாலையில் ஒரு விலையா? மத்திய விதிகள் அப்படித்தான் கேட்கின்றன. விலையைத் தீர்மானிப்பது மாநில ஆணையம்.

வீட்டில் இன்டர்நெட் வேண்டுமா? வேண்டாம்.

மாற்ற வரும் அன்று என்ன செய்வது? பழைய மீட்டரின் கடைசி ரீடிங், புது மீட்டரின் முதல் ரீடிங், இரண்டின் வரிசை எண்கள். நான்கையும் போட்டோ எடுத்துக்கொண்டு, எண்களைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.