அழுகுணி ஆட்டம் எது?

வீட்டுக்கு வீடு மாறும் விளையாட்டுச் சட்டம்

தீபாவளி முடிந்ததும் சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்குச் சில நாள் ஓய்வு. மருந்தோடும் திரியோடும் பழகிய கைகள் அப்போதுதான் சும்மா இருக்கும். திண்ணையில் சாக்கட்டியால் கட்டம் போடுவார்கள். தாயக்கட்டை உருளும். கொஞ்ச நேரத்தில் சண்டையும் வரும்!

"தாயம் விழுந்தாத்தான் காய் இறங்கும்" என்பார் மாமியார்.

"எங்க ஊர்ல அஞ்சு விழுந்தாலும் இறக்கலாம், அத்தை" என்பாள், சாத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்.

"அது உங்க ஊரு. இது எங்க வீடு!"

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அது எப்படி?

புத்தகம் இல்லாத ஆட்டம்

தாயம் சட்டப் புத்தகம் பார்த்து ஆடும் ஆட்டம் அல்ல. பாட்டி சொல்லி அம்மா கற்றாள். அம்மா சொல்லி மகள் கற்றாள். ஆகவே ஊருக்கு ஊர் சட்டம் மாறும். ஏன், தெருவுக்குத் தெருவே மாறும்.

பொதுவான சட்டங்கள் சில உண்டு. ஒன்று விழுந்தால் தாயம். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். எதிராளியின் காயை வெட்டலாம். குறுக்குக்கோடு போட்ட மனையில் இருக்கும் காயை வெட்ட முடியாது. எல்லாக் காயும் பழமானால் வெற்றி.

மற்றவை வீட்டுச் சட்டம். ஒரு காயாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போகலாம் என்பார்கள் ஒரு வீட்டில். வெட்டாமலே போகலாம் என்பார்கள் அடுத்த வீட்டில்.

சிவகாசிப் பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். ஊரில் தீப்பெட்டி ஆலைகள் பெருகின. பெட்டியில் ஒட்டப் படம் வேண்டுமே? அச்சகங்களும் பெருகின. அந்தப் படங்களைச் சேர்த்து வைத்துப் பிள்ளைகள் பந்தயம் கட்டி ஆடினார்கள். எந்தப் படத்துக்கு என்ன மதிப்பு என்று எந்தப் பெரியவரும் சொல்லவில்லை. பிள்ளைகளே பேசி முடிவு செய்தார்கள்.

கேரம் பலகையில் ஒரு வழக்கு

கேரம் ஆட்டத்துக்கு எழுதிய சட்டம் உண்டு. அதைக் காக்கும் சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் நம் சென்னையில்தான் தொடங்கியது.

வீட்டில் என்ன கணக்கு? கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50. போட்டியில் அப்படி அல்ல. ஒருவருக்கு வெள்ளை, மற்றவருக்குக் கறுப்பு. தன் 9 காய்களையும் முதலில் போட்டவர் ஜெயித்தார். தோற்றவரின் காய் பலகையில் எத்தனை மிச்சமோ, அத்தனை புள்ளி. ஐம்பது ஐம்பது என்று ஆசைப்படும் சிவப்புக்கு அங்கே 3 புள்ளிதான்!

இன்னொரு வேடிக்கை. "கட்டைவிரலால் அடிக்காதே, அது தப்பு!" என்று பல வீடுகளில் அண்ணன் தம்பியை அதட்டுவான். சர்வதேசச் சட்டப்படி கட்டைவிரலால் அடிக்கலாம். தப்பே இல்லை.

அப்படியானால் போட்டிச் சட்டம் எதற்கு? அறியாதவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவதற்கு. 2024-ல் அமெரிக்காவில் உலகக் கோப்பைக் கேரம் போட்டி நடந்தது. சென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 3 தங்கப் பதக்கம் வென்றார். எல்லா நாட்டாருக்கும் ஒரே சட்டம் இருந்ததால்தானே அந்த வெற்றியை உலகமே ஒப்புக்கொண்டது?

மாற்றச் சொன்ன புத்தகம்

அதே அமெரிக்காவில் 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் ஒரு புது ஆட்டத்தை வெளியிட்டார்கள். பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கூத்து என்று சொல்லலாம். ஒருவர் வீரன். ஒருவர் மந்திரவாதி. நடுவர் கதை சொல்வார். சண்டையில் யார் பிழைப்பார் என்பதைப் பகடை சொல்லும்.

பிடித்தபடி மாற்றி ஆடலாம் என்று அந்தச் சட்டப் புத்தகமே இடம் கொடுத்தது. ஆட்டம் பரவியது. பல ஊர்க்காரர்கள் போட்டிக்குக் கூடினார்கள். ஆளுக்கொரு சட்டம் சொன்னால் போட்டி எப்படி நடக்கும்? சில ஆண்டுகளில் அதே கைகாக்ஸ், பொதுச் சட்டம் வேண்டும் என்று பெரிய புத்தகங்கள் எழுதினார்!

வீட்டில் ஆடும்போது வீட்டுச் சட்டம். ஊர் கூடும்போது பொதுச் சட்டம். அங்கேயும் அதே கதைதான்.

எது அழுகுணி?

வீட்டுச் சட்டம் அழுகுணி ஆட்டம் ஆகாது. சின்னப் பிள்ளையை 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொள்கிறோமே, அதுவும் வீட்டுச் சட்டந்தான். தோற்றாலும் அதற்குத் தண்டனை இல்லை. அன்பு செய்த சட்டம் அது.

ஆட்டம் தொடங்கும் முன்பே சட்டத்தைச் சொல்ல வேண்டும். ஆடுகிற எல்லாரும் சம்மதிக்க வேண்டும். தோற்கப் போகிற நேரத்தில், "எங்க வீட்ல இப்படித்தான்" என்று சொன்னால், அதுதான் அழுகுணி ஆட்டம்!

திண்ணையோடு சரி

ஓய்வு முடிந்து ஆலைக் கதவு திறக்கும். அங்கேயும் சட்டம் உண்டு. மருந்து வேலை நடக்கும் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அறையை விட்டு மரத்தடியில் வைத்துப் பட்டாசு செய்யக் கூடாது. "அவசர ஆர்டர், இன்னும் ரெண்டு பேர் உட்காருங்க. இங்கே இதுதான் வழக்கம்" என்று யாராவது சொன்னால், அதுவும் ஒரு வீட்டுச் சட்டந்தான். ஆனால் அங்கே தோற்றால் காய் மட்டும் வெட்டுப்படாது.

2012 செப்டம்பர் 5-ந் தேதி, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தீயைக் கண்டு வெளியிலிருந்து ஓடி வந்தவர்களும் அதில் உண்டு. ஆட்டத்தில் சேராதவனையும் தீ விடுவதில்லை. அவனிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

ஆகவே தாயத்தில் விட்டுக்கொடுக்கலாம். மருந்து அறையில் விட்டுக்கொடுக்கக் கூடாது. "நாலு பேர் இருக்கிறோம், அஞ்சாவது ஆள் வேண்டாம்" என்று சொல்கிற தொழிலாளி பிடிவாதக்காரர் அல்லர். நான்கு குடும்பங்களைக் காப்பவர்.

திண்ணைச் சண்டை என்ன ஆயிற்று? முதல் ஆட்டம் சிவகாசிச் சட்டப்படி. இரண்டாவது ஆட்டம் சாத்தூர்ச் சட்டப்படி. கட்டையைத் தொடும் முன்பே பேசிவிட்டார்கள்.

சாத்தூர்ச் சட்டப்படி ஆடிய ஆட்டத்தில் மாமியாருக்கு முதல் உருட்டிலேயே ஐந்து விழுந்தது.

"இறக்கலாமில்ல?" என்று கேட்டார், சிரித்துக்கொண்டே.