மல்லாட்டை எண்ணெயில் டிராக்டர் ஓடுமா?

ஓடும்! 1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினை வேர்க்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். வேர்க்கடலைன்னா நம்ம மல்லாட்டைதான். எஞ்சின் நல்லா ஓடினதால், பார்த்தவர்களில் சிலருக்குத்தான் விஷயம் தெரிந்ததாம். டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே இதைச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் ஏன் எல்லாரும் பங்குக்குப் போறாங்க? விலைதான் காரணம். மல்லாட்டை எண்ணெய் டீசலைவிட ரொம்ப விலை. தாளிக்கிற எண்ணெயை டேங்கில் ஊத்தினா வீட்டில் திட்டுதான் விழும். அதோடு எண்ணெய் கெட்டியாக இருப்பதால் நாளடைவில் எஞ்சின் நாசில் அடைத்துக்கொள்ளும். மெத்தனாலும் காரமும் சேர்த்து, கிளிசரினைப் பிரித்து எடுத்தால்தான் அது பயோடீசல்.

அதனால் சாப்பிட முடியாத எண்ணெயைத் தேடினார்கள். 2003-இல் மத்தியத் திட்டக்குழுவின் அறிக்கை காட்டாமணக்கைச் சிபாரிசு செய்தது. தரிசிலும் வளரும், ஆடுமாடு கடிக்காது என்றார்கள். நம்ம மாவட்டத்திலும் நட்டார்கள். எங்க பெரியப்பாவும் மல்லாட்டை போடுற ஒரு ஏக்கரில் நட்டார். அப்போ நான் பிறக்கவே இல்லை, எல்லாம் ஆயா சொன்னதுதான்.

நண்பர்களே, கணக்கைப் பாருங்க. 2006 ஜனவரி முதல் பயோடீசலை லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்குவதாக மத்திய அரசு அறிவித்தது. ஒரு லிட்டருக்கு 3 முதல் 4 கிலோ விதை வேணும். 25-ஐ 4-ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஆறேகால் ரூபாய். ஆட்டுற கூலி, மெத்தனால், வண்டி வாடகை எல்லாம் அதுக்குள்ளதான். மிச்சம்தான் விவசாயிக்கு. காயெல்லாம் ஒரே நேரத்தில் பழுக்காது, திரும்பத் திரும்பப் பறிக்கணும். தண்ணி விடலைன்னா காய்ப்பும் இல்லை. மல்லாட்டை நாலு மாசத்தில் காசாகும். இது வருஷக்கணக்கில் காக்க வைக்கும்.

மாட்டை யாரும் கணக்கில் சேர்க்கவே இல்லை! மல்லாட்டைக் கொடியும் புண்ணாக்கும் மாட்டுக்குத் தீனி. காட்டாமணக்குப் புண்ணாக்கு விஷம். பெரியப்பா தீனியை விலைக்கு வாங்கி, முடியாமல் ஒரு கறவைப் பசுவை வித்துட்டாராம்.

2010-இல் திருவண்ணாமலை, கோயம்புத்தூர் மாவட்டங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. விளைச்சல் சொன்னதைவிட மிகக் குறைவு, ஏழை விவசாயிக்கே அதிக நஷ்டம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு எண்ணெய்க்கு மட்டும் நிலமே வேண்டாம். பஜ்ஜி சுட்டு மீந்த எண்ணெய்! அதை வாங்கி பயோடீசல் செய்யும் திட்டத்தை 2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது. அடுத்த பௌர்ணமி கிரிவலத்தன்று ரோட்டோரம் எத்தனை வாணலி காயுதுன்னு எண்ணிப் பாருங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி