இறந்தவரின் கையெழுத்து

ஒப்பாரிக்குப் பிறகு – 12

1929 ஜூன் மாதம் லண்டனுக்கு ஒரு தந்தி வந்தது. தாயின் சகோதரிகள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த பால் பிராண்டுக்கு அப்போது 14 வயது. கொல்லிமலையில் அப்பா காலமாகிவிட்டார் என்றது தந்தி. தந்தி விரைவில் கடலைத் தாண்டிவிடும், கடிதம் கப்பலேறித்தான் வரவேண்டும். அதனால் சாவுச் செய்தி வந்த பிறகும் அப்பாவின் கடிதங்கள் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன. காற்று வீசும் மலைமுகட்டில் குதிரையில் போனதையும், அங்கே கண்ட அழகையும், கடவுள் படைத்த உலகத்தைப் பார்த்து மகிழவேண்டும் என்பதையும் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். பையன் அதைப் பிரித்து வாசித்தபோது, எழுதிய கை மண்ணுக்குள் போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

சென்ற வாரம் டாக்டர் மேரி வர்கீஸைப் பார்த்தோம். 1954-இல் நடந்த விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். உட்கார்ந்தே செய்யலாம் என்று அவருக்கு வழிகாட்டியவர்தான் இந்தப் பால் பிராண்ட். இந்த வாரம் அவரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதப்போய், அவருடைய அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன்.

ஈவ்லின் 1879-இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஓவியம் பயின்றவர். பாலின் அப்பா ஜெஸ்ஸி பிராண்டுக்குத் தச்சு வேலையும் கட்டட வேலையும் தெரியும், கொஞ்சம் வெப்பமண்டல மருத்துவமும் படித்திருந்தார். 1913-இல் இருவருக்கும் திருமணமாகி, மிஷனரிகளாகக் கொல்லிமலை மேல் குடியேறினார்கள். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே பேருந்தில் ஏறிவிடுகிறோம். அன்று அந்தச் சாலை இல்லை. நடக்க முடியாதவர்களை டோலியில் வைத்துத் தூக்கிப் போகவேண்டும். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழேயிருந்து போகிறவர்கள் இரவு தங்காமல் இறங்கிவிடுகிற இடம் அது. பெயரிலேயே கொல்லி இருக்கிறதே!

முதல் சில வருடங்கள் ஜெஸ்ஸி பல் பிடுங்கினார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார், வீடு கட்டினார், பள்ளிக்கூடம் நடத்தினார். நரம்புச் சிலந்தி நோய் எங்கிருந்து வருகிறது என்று விளக்கினார்: புண்ணோடு கிணற்றுப் படியில் இறங்கி நிற்கிறீர்கள், புழு தண்ணீரில் குஞ்சு விடுகிறது, அதையே மொண்டு குடிக்கிறீர்கள், துணியில் வடிகட்டிக் குடியுங்கள். மருந்துக்கு வந்தார்கள். அவர் பிரசங்கம் பண்ணியதைக் கேட்கவும் செய்தார்கள். ஞானஸ்நானத்துக்கு ஒருவரும் வரவில்லை.

1918-இல் உலகையே வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சல் மலைக்கும் ஏறியது. படுத்தவர்களை விட்டுச் சொந்தக்காரர்களே காட்டுக்குள் ஓடினார்கள். பிராண்ட் தம்பதி கஞ்சி காய்ச்சி வீடு வீடாய் எடுத்துப் போனார்கள். அதுவரை அவர்களைக் கடுமையாக எதிர்த்துவந்த பூசாரி ஒருவரும் அவர் மனைவியும் சாகக் கிடந்தார்கள். எங்கள் கைக்குழந்தையை நீங்கள்தான் வளர்க்கவேண்டும் என்று பூசாரி ஜெஸ்ஸியிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார். மலைமேல் சபை உண்டானது அதற்குப் பிறகுதான். மதமாற்றம் பற்றி ஆயிரம் வாதம் பேசலாம், நானும் பேசியிருக்கிறேன். சாகிற நேரத்தில் ஒரு தகப்பன் தன் குழந்தையை யார் கையில் கொடுக்கிறான் என்பதற்கு அந்த வாதங்களில் இடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

1929-இல் ஜெஸ்ஸிக்கு வந்தது கருநீர்க் காய்ச்சல். மலேரியா முற்றிச் சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாய் உடைய, சிறுநீர் கறுத்துப் போகும். அவருக்கு வயது 44. மறு வருடம் விடுமுறையில் இங்கிலாந்து போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பதாக இருந்தார்கள். ஒன்பது வயதுப் பையனையும் அவன் தங்கையையும் 1923-இல் அங்கே படிக்க விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். அந்தக் காலத்து மிஷனரிகள் பலரும் அப்படித்தான் செய்தார்கள். என்னால் அதை மனமொப்பி எழுத முடியவில்லை. ஆறு வருடம் அப்பா முகம் பார்க்காத பிள்ளைக்கு, அப்பாவுக்குப் பதில் தந்தி வந்தது.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவத் துக்க வீடுகளில் இந்த மாதிரிச் சாவுக்கு உடனே ஒரு விளக்கம் வந்துவிடும். ஆண்டவர் சித்தம் என்பார்கள். என் பெரியம்மாவின் மகன் 19 வயதில் இறந்தபோது, ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஒருவர், ஆண்டவருக்கு நல்ல பூவாகத் தேவைப்பட்டது, பறித்துக்கொண்டார் என்றார். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து புழக்கடைக்குப் போய், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை மறுபடி ஒவ்வொன்றாய்த் தேய்க்க ஆரம்பித்தார். வேதாகமத்தில் யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். எட்டாம் நாள் காரணம் சொல்லத் தொடங்கினார்கள். கெட்டது.

கணவர் இறந்தபோது ஈவ்லினுக்கு வயது 50. அவர் இங்கிலாந்து திரும்பியபோது, அம்மாவை வரவேற்கப் போன பாலுக்கு முதலில் ஆள் அடையாளமே தெரியவில்லை. நினைவில் இருந்த உயரமான, அழகான அம்மா இல்லை. நரைத்துச் சுருங்கிப்போன ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். துக்கத்தை விசுவாசம் மறைத்துவிடும் என்று சொல்கிறவர்கள் அந்தக் காட்சியைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். இவரைவிட விசுவாசி யார்? உடம்பு அப்படியே காட்டிக்கொடுத்துவிட்டது.

வேண்டாம் என்று உறவினர் தடுத்தும் இந்தியாவுக்குத் திரும்பினார். மிஷன் அவரை மலைக்கு அனுப்பாமல் சமவெளியில் வேலை கொடுத்தது. அவரோடு ஒத்துப்போவது கஷ்டம், அதையும் சொல்லிவிட வேண்டும். பிடிவாதக்காரர். 1947-இல், 68 வயதை நெருங்கும்போது, ஓய்வு பெறச் சொன்னார்கள். சரி என்று ஓய்வு பெற்றார். பெற்ற கையோடு மலையேறிவிட்டார். இனிமேல் எங்கே போகக்கூடாது என்று சொல்ல எந்த மிஷனுக்கும் அதிகாரம் இல்லையே!

பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி எனச் சுற்றியிருந்தவை எல்லாம், ஜெஸ்ஸியும் அவரும் என்றைக்காவது போகவேண்டும் என்று பேசி வைத்திருந்த மலைகள். ஒவ்வொன்றாய்ப் போனார். மட்டக்குதிரையிலிருந்து விழுந்தார், எலும்பு முறிந்தது, காய்ச்சல் வந்தது. கால்கள் சரியாக நிற்காமல் போனதும் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். காலையில் அவரைத் தூக்கிக் குதிரைமேல் உட்காரவைத்துவிட்டால் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். நரம்புச் சிலந்தியை மலையிலிருந்து ஒழிப்பதில், கணவர் தொடங்கிய வேலையைக் கிட்டத்தட்ட முடித்தே வைத்தார். போதும் அம்மா, கீழே வந்துவிடுங்கள் என்று மகன் மன்றாடிப் பார்த்தார். இந்தக் கிழட்டு உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன செய்யப்போகிறேன் என்பதுதான் அம்மாவின் பதில்.

கடைசி 20 வருடம் அவர் வீட்டில் கண்ணாடியே கிடையாது. வேண்டாம் என்றுவிட்டார். ஓவியம் படித்தவர், அழகி என்று பெயர் வாங்கியவர். மகனே பிற்பாடு எழுதினார்: சுருக்கம் விழுந்த அந்த முகத்தைவிட அழகான முகத்தை அவர் பார்த்ததில்லையாம். பிள்ளைப் பாசம் என்று தள்ளிவிடலாம். ஆனால் மகன் மனதில் தங்கியிருந்த காட்சி அழகைப் பற்றியது மட்டும் அல்ல. மலைக்கிராமத்தில் ஒரு தாழ்வான கல்சுவர்மேல் அம்மா உட்கார்ந்திருக்கிறார், நான்கு பக்கமும் ஊர் ஜனம் நெருங்கி நின்று, அவர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது.

மகன் 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்வு செத்துப் போவதால் சுட்டதும் வெட்டியதும் தெரியாமல் கையே காயப்பட்டுத் தேய்கிறது என்று கண்டுபிடித்துக் காட்டினார். இரவில் எலி வந்து விரலைக் கடித்தாலும் தூங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள். அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, செயற்கை வலி உண்டாக்கும் கருவி ஒன்றைச் செய்துபார்த்தார். கையில் அழுத்தம் கூடினால் எச்சரிக்கும். ஒலி எழுப்பிப் பார்த்தார்கள், யாரும் மதிக்கவில்லை. மின்சாரத்தால் நிஜமாகவே வலிக்கவைத்தபோது, நோயாளிகள் அதை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அணைக்க முடியாதபடி வலியைப் படைத்தவர் விவரம் தெரிந்தவர்தான் என்று பிராண்ட் முடிவுக்கு வந்தார். வலி ஒரு வரம் என்று கடைசிவரை எழுதிக்கொண்டிருந்தார்.

நெருப்பிலிருந்து விரலை இழுக்கவைக்கிற வலிக்கு அது சரி. ஜெஸ்ஸியின் காய்ச்சலுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 14 வயதுப் பையனின் கையில் இருந்த அந்தக் கடிதத்துக்கும் சொல்ல முடியாது. பெரியம்மாவுக்கும் சொல்ல முடியாது. ஈவ்லின், எனக்குத் தெரிந்தவரை, கணவரின் சாவுக்கு அப்படி ஒரு விளக்கத்தைத் தேடி வைத்துக்கொண்டவர் அல்ல. கணவர் புதைக்கப்பட்ட மலைக்குப் போகவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

1974 டிசம்பரில், 95 வயதில், ஈவ்லின் பிராண்ட் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மணவாழ்க்கை 16 வருடம், அதன்பின் 45 வருடம். கொல்லிமலையில் ஜெஸ்ஸிக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள்.

(தொடரும்)