ஸ்பீக்கர் பெட்டியில ஓட்டை போடலாமா, பாஸ்?

ரூமுக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் செட் வாங்கணும்னு காசு சேர்த்துட்டு இருக்கீங்களா? ஒரு நிமிஷம்... இதைப் படிச்சுட்டுக் கிளம்புங்க.

சின்ன சைஸ் செட்டோட அட்டைப்பெட்டி மேலகூட '2000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க. அந்த நம்பருக்கு ஒரு பொது அளவுகோலே கிடையாது. போடுறவங்க நினைச்சதுதான் கணக்கு! உருப்படியான நம்பர் 'ஆர்.எம்.எஸ்.'னு பொடி எழுத்துல ஏதாவது ஒரு மூலையில ஒளிஞ்சிருக்கும். ஆனா, அதைவிட முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு. அந்தப் பெட்டியில ஓட்டை இருக்கா, இல்லையா?

சிரிக்காதீங்க. ஹை-ஃபை உலகத்துல ரொம்ப வருஷமா நடக்கிற பஞ்சாயத்தே இதுதான்.

முதல்ல, பெட்டி எதுக்கு? காந்தம், காயில், பேப்பர் கோன்... 1925-ல அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில ரைஸ், கெல்லாக்னு ரெண்டு பேர் கொடுத்த டிசைன்தான் இன்னிக்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்களுக்கு அடிப்படை. அதைப் பெட்டியில வைக்காம வெறுமனே பாட விட்டுப் பாருங்க. பேஸ் சுத்தமா இருக்காது. கோன் முன்னாடி போகும்போது முன்னாடி இருக்கிற காத்து நெருங்கும். அதே நொடியில பின்னாடி காத்து தளரும். பேஸ் அலைங்க ரொம்ப நீளம். அதனால முன்பக்க அலையும் பின்பக்க அலையும் சுத்தி வந்து சந்திச்சு, ஒண்ணை ஒண்ணு காலி பண்ணிடும். அந்தப் பின்பக்க அலையை என்ன செய்யறதுங்கிறதுதான் மொத்தக் கதையும்.

ஒரு கோஷ்டி, 'ஜெயில்ல போடு'ங்குது. அதாவது ஓட்டையே இல்லாத, இறுக மூடின பெட்டி. சிக்கல் என்னன்னா, உள்ளே மாட்டின காத்து ஒரு ஸ்பிரிங் மாதிரி கோனைத் தடுக்கும். அதுக்காகவே அந்தக் காலத்துல பீரோ சைஸ்ல பெட்டி செஞ்சாங்க. 1954-ல எட்கர் வில்ச்சர்னு ஒருத்தர் விஷயத்தை அப்படியே தலைகீழாக்கினார். கோனோட பிடிமானத்தை நல்லா தொளதொளன்னு விட்டுட்டு, அந்தக் காத்தையே ஸ்பிரிங்கா வேலை வாங்கினார். ஷெல்ஃபுல வைக்கிற பெட்டியிலிருந்து அடி ஆழ பேஸ் வந்துச்சு! ஏ.ஆர்-1னு பேரு. ஒரே குறை, பவரைச் சாப்பிடும்.

இன்னொரு கோஷ்டி, 'வீணாக்காதே, வேலை வாங்கு'ங்குது. காலி பாட்டில் வாய்ல ஊதினா 'பூம்'னு ஒரு சத்தம் வருமே, அதே தத்துவம்தான். பெட்டியில அளவா ஒரு ஓட்டை, அதுக்குள்ளே ஒரு குழாய். பெல் லேப்ஸ்ல இருந்த ஆல்பர்ட் துராஸுக்கு 1932-ல இதுக்குப் பேடன்ட் கிடைச்சது. குழாய்க்குன்னு ட்யூன் பண்ணின சுருதியில கோன் கிட்டத்தட்ட சும்மா நிக்கும், குழாய்தான் பாடும்! ஆனா, அந்தச் சுருதிக்குக் கீழே போனா கோனைப் பிடிச்சு வைக்க ஆளில்லை. சத்தமும் ஒரு ஆக்டேவுக்கு 24 டெசிபல்னு விழும். மூடின பெட்டியில அது 12 டெசிபல்தான். ரொம்ப நாள் குத்துமதிப்பா ஓட்டை போட்டுட்டு இருந்தாங்க. ஆஸ்திரேலியாக்காரர் நெவில் தீல் 1961-லயும், அடுத்து ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் ஃபார்முலா கொடுத்த பிறகுதான் அது இன்ஜினீயரிங் ஆச்சு.

ஹார்ன் ஸ்பீக்கர், பெட்டியே இல்லாத எலெக்ட்ரோஸ்டேட்டிக்னு வேற ஜாதிகளும் உண்டு. 1946-ல பால் கிளிப்ஷ் செஞ்ச 'கிளிப்ஷ்ஹார்ன்' நாலடிக்கு மேல உயரம். ஒரே ஒரு வாட் கொடுத்தா, ஒரு மீட்டர் தூரத்துல சுமார் 105 டெசிபல்! 87 டெசிபல் தர்ற சாதாரண ஷெல்ஃப் ஸ்பீக்கர் அந்தச் சத்தத்தைத் தொட 60 வாட்டுக்கு மேல வேணும். ரூம் மூலையோட ரெண்டு சுவரையும் தன் ஹார்னோட கடைசிப் பாகமா அது எடுத்துக்கும். ஹாஸ்டல் ரூம்ல வெச்சா நாம வராண்டாவுல படுக்கணும். பீட்டர் வாக்கரோட குவாட் எலெக்ட்ரோஸ்டேட்டிக் (1957) இதுக்கு நேர் எதிர். ஆயிரக்கணக்கான வோல்ட்ல மெல்லிய பிளாஸ்டிக் தாள் அதிரும். குரல்னா குரல், அப்படி ஒரு தெளிவு! நெஞ்சு அதிர்றதை மட்டும் எதிர்பார்க்காதீங்க.

எதை எடுத்தாலும் ஒரு பேரம் இருக்கு. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைஞ்ச பவர்ல நிறைய சத்தம்... இந்த மூணுல ரெண்டுதான் கிடைக்கும்னு ஹாஃப்மன்ங்கிறவர் சொல்லிட்டுப் போயிட்டார். 'இரும்பு விதி'ன்னே பேரு. மூணும் தர்றேன்னு கடைக்காரர் சொன்னா, ஒரு டீ குடிச்சுட்டு வந்துடுங்க.

தியரி போதும். நானும் என் ரூம்மேட்டும் மெஸ் பில் கட்டக் கொடுத்த காசுல கைவெச்சு (வீட்ல சொல்லிடாதீங்க), ஒரே மாடல் ஆறரை இன்ச் ஸ்பீக்கர் ரெண்டு வாங்கினோம். ஆசாரிகிட்டே ப்ளைவுட்ல ரெண்டு பெட்டி சொன்னோம். 15 லிட்டர்ல மூடினது ஒண்ணு. 25 லிட்டர்ல, 45 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் பண்ணின ஓட்டைப் பெட்டி ஒண்ணு. ஜெயிக்கிற டிசைன்ல இன்னொண்ணு செஞ்சு ஜோடி சேர்க்கணும், தோத்தது பரணுக்கு. அதுதான் டீல்.

கேட்க வந்த நாலு பேரும் பார்த்தவுடனே ஓட்டைப் பெட்டிக்கே ஓட்டுப் போட்டாங்க. பெருசா, கம்பீரமா இருந்துச்சே! கண்ணு காதை ஏமாத்தும்னு ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-லயே சோதிச்சுக் காட்டியிருக்காங்க. பிராண்டைப் பார்த்துட்டு மார்க் போட்டவங்க, திரைக்குப் பின்னாடி வெச்சதும் வேற மார்க் போட்டாங்களாம். நாங்களும் குறுக்கே ஒரு மெல்லிய வேட்டியைக் கட்டினோம். இப்போ மூணு பேர் மூடின பெட்டிக்கு மாறிட்டாங்க! குரல் ரெண்டுலயும் ஒண்ணுதான். ஆனா மிருதங்கத்தோட தொப்பிப் பக்கம், மூடினதுல 'தொம்'னு அடிச்சு அங்கேயே நின்னுச்சு. ஓட்டையில 'தொம்ம்ம்...'னு இழுத்துச்சு.

துராஸ் தப்பா? இல்லை, எங்க ரூம்தான் வில்லன். பத்துக்குப் பத்தடி. சத்தத்தோட வேகத்தை வெச்சுக் கணக்குப் போட்டா, ரெண்டு சுவருக்கு நடுவுல சுமார் 56 ஹெர்ட்ஸ்ல அலை மாட்டிக்கிட்டு ஆடும். ஓட்டைப் பெட்டி பலமா பாடுறதும் அந்த ஏரியாவுலதான். போதாக்குறைக்குப் பெட்டியை மூலையில வெச்சிருந்தோம், கேட்டவங்க சுவர்ல சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தாங்க. நீங்களும் இதைச் செஞ்சு பாருங்க. கம்ப்யூட்டர்ல 56 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணைப் போட்டுட்டு (உங்க ரூம் பெருசுன்னா நம்பர் குறையும்) சுவர்லேர்ந்து ரூம் நடுவுக்கு மெதுவா நடங்க. நடுவுல வந்தா சத்தம் பாதாளத்துக்குப் போயிடும்!

பெட்டியை மூலையிலேர்ந்து ரெண்டடி முன்னாடி இழுத்தோம். வேட்டிக்குப் பின்னாடி மறுபடி ஓட்டெடுப்பு. ரெண்டுக்கு ரெண்டு!

பரணுக்கு ரெண்டுமே போகலை. அடுத்த பெட்டிக்குக் காசும் இல்லை. இப்போதைக்கு ஓட்டைப் பெட்டிதான் பாடுது. மிருதங்கம் கேட்கிறப்போ குழாய்ல ஒரு சாக்ஸைச் சுருட்டி அடைச்சுடறோம், பெட்டி மூடினது மாதிரி ஆயிடும். சில கம்பெனிங்க இதுக்குன்னே ஸ்பாஞ்ச் அடைப்பான் கொடுக்கிறாங்க. எங்களுது சாக்ஸ். துவைச்சதுதாங்க, நம்புங்க!