உஷார்! சுவிட்சும் கன்ட்ரோலரும் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்

உத்திரமேரூர் பக்கம் கல்லூரிக்கும் தொழிற்கூடத்துக்கும் கேபிள் ஆபரேட்டருக்கும் நெட்வொர்க் அமைத்துத் தரும் இளைஞர்களே! லேபில் ஓபன்ஃபுளோ கற்றபோது போட்ட செட்டிங்கையே ஊர் லைனிலும் போட்டுவிட்டீர்களா? அப்படியென்றால் இன்றே போய் மாற்றுங்கள். மொத்த நெட்வொர்க்கையும் வேறொருவர் கைப்பற்ற வழி திறந்திருக்கிறது.

எஸ்.டி.என். எனும் மென்பொருள்வழி நெட்வொர்க் முறையில் சுவிட்ச் தானாக முடிவெடுப்பதில்லை. முடிவெடுப்பது கன்ட்ரோலர். அது காஞ்சிபுரத்திலோ சென்னையிலோ ஒரு சர்வரில் இருக்கும். இரண்டும் பேசிக்கொள்ளும் நெறிமுறைதான் ஓபன்ஃபுளோ, அதன் 1.0 பதிப்பு 2009 டிசம்பரில் வந்தது. முதலில் இருபுறமும் 'ஹலோ' சொல்லும். 'நீ யார், உன்னிடம் என்ன வசதி?' என்று கன்ட்ரோலர் கேட்கும். சுவிட்ச் தன் 64 பிட் அடையாள எண்ணைச் சொல்லும். விதி இல்லாத பாக்கெட் வந்தால் 'பாக்கெட்-இன்' என்று மேலே அனுப்பும். 'இதை இந்தப் போர்ட்டில் விடு, அதைத் தடு' என்று 'ஃபுளோ-மாட்' உத்தரவு கீழே வரும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய நடுநடுவே 'எக்கோ' போய்வரும்.

முதல் ஆபத்து இங்கேயே இருக்கிறது. இந்தப் பேச்சை டி.எல்.எஸ். கொண்டு மறைக்கலாம், ஆனால் அது கட்டாயமில்லை. லேபில் பெரும்பாலும் வெறும் டி.சி.பி.தான்; போர்ட் 6653, பழையதில் 6633. ஒரே கணினிக்குள் ஓடும்வரை கவலையில்லை. கம்பம் கம்பமாகப் போகும் ஃபைபரில், பலர் கைபடும் பெட்டிகள் வழியே அது ஓடினால், நடுவில் நுழைந்தவர் போலி 'ஃபுளோ-மாட்' அனுப்பி எல்லார் டிராஃபிக்கின் நகலையும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

இரண்டாவது ஆபத்து ஆள்மாறாட்டம். உத்திரமேரூர் கல்வெட்டில் பராந்தக சோழன் காலத்தில், 921-ல், ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை எவ்வளவு கறாராக வெட்டிவைத்தார்கள்! ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் படித்ததை அங்கிருந்த அர்ச்சகர்களான நம்பிமாரும் படித்த பிறகே பெயர் ஏற்கப்படும். ஓபன்ஃபுளோ அறிமுகப் பேச்சிலோ, சுவிட்ச் சொல்லும் அடையாள எண் உண்மைதானா என்று கன்ட்ரோலர் சரிபார்த்தே ஆகவேண்டும் என்ற விதி இல்லை. 2018-ல் இந்தக் குறை, பாதுகாப்பு ஓட்டைகளைப் பதியும் சி.வி.இ. பட்டியலில் சி.வி.இ.-2018-1000155 என்ற எண்ணில் பதிவானது. டி.எல்.எஸ். போட்டாலும், சான்றிதழையும் அடையாள எண்ணையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

மூன்றாவது, நம் ஊரில் அடிக்கடி நடப்பது. ஜே.சி.பி. பள்ளம் தோண்டுகிறது, ஃபைபர் அறுகிறது, கன்ட்ரோலர் தொடர்பு போகிறது. பலரும் பயன்படுத்தும் ஓபன் வி-சுவிட்சில் நீங்கள் எதுவும் சொல்லிவைக்காவிட்டால் அது 'ஸ்டாண்ட்அலோன்' முறைக்குப் போய்ச் சாதாரண சுவிட்சாக இயங்கத் தொடங்கும். கன்ட்ரோலர் போட்ட தடைகள் அப்போது காவலுக்கு இருக்காது. ஃபைபரை வளையமாக இழுத்திருந்தால் பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி வந்து லைனையே அடைத்துவிடும். கரண்ட் போய் வந்தாலும் ஆபத்துதான்: விதிகள் அழிந்த சுவிட்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் 'பாக்கெட்-இன்' கொட்ட, கன்ட்ரோலர் திணறும். கெட்ட எண்ணம் கொண்டவர் வேண்டுமென்றே இப்படிக் கன்ட்ரோலரைத் திணறடிக்கவும் முடியும்.

உடனே செய்ய வேண்டியவை:

• டி.எல்.எஸ். இல்லாமல் இணைக்காதீர்கள். கன்ட்ரோலரும் சுவிட்சும் ஒன்றையொன்று சான்றிதழால் சோதிக்கட்டும்.

• சுவிட்ச் ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ் கொடுங்கள். எந்தச் சான்றிதழுக்கு எந்த அடையாள எண் என்ற பட்டியல் கன்ட்ரோலரில் இருக்கட்டும், பொருந்தாததைத் துண்டிக்கட்டும்.

• கன்ட்ரோலர் பேச்சுக்குத் தனி வி-லேன் ஒதுக்குங்கள். 6653, 6633 போர்ட்டுகளைப் பொது இணையத்தில் திறந்துவைக்காதீர்கள்.

• தடைகளும் வளையமும் உள்ள இடத்தில் 'ஃபெயில் மோட்' செக்யூர் என்று வையுங்கள். இருக்கும் விதிகள் அவற்றின் காலக்கெடுவரை ஓடும். புதியது தானாக நுழையாது.

• 'பாக்கெட்-இன்'னுக்கு நொடிக்கு இவ்வளவு என்று வரம்பு போடுங்கள். இரண்டாவது கன்ட்ரோலர் ஒன்றைத் தயாராக வையுங்கள், இரண்டு கன்ட்ரோலருக்கும் யு.பி.எஸ். அவசியம்.

தமிழ்நாட்டின் ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் வேலை நடக்கும் காலம் இது. லைன் வந்த இடங்களிலெல்லாம் சின்னச் சின்ன நெட்வொர்க்குகள் முளைக்கும். அவற்றில் பள்ளிப் பிள்ளைகளின் பாடமும் கடைக்காரரின் பணமும் ஓடும். அமைத்துக் கொடுத்தவர் பாதுகாப்பை விட்டுவிட்டால், ஏமாந்து நிற்பது எதுவும் அறியாத அந்த ஊர்க்காரர்தான். லைனை ஒப்படைக்கும் முன் மேலே உள்ள ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒன்று குறைந்தாலும் ஒப்படைக்காதீர்கள்.