படுகளமும் கணினிப் போரும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழாவையொட்டிப் பாரதக் கூத்து விடிய விடிய நடைபெறும். நிறைவில், மண்ணாற் சமைத்த துரியோதனன் உருவம் படுகளத்தில் நீண்டு கிடக்கும். பீமன் வென்றான் என மகிழும் வேளையிலே காந்தாரியின் ஒப்பாரி எழும். பகைவனுக்கும் ஒரு தாய் உண்டு என்பதை அவ்வழுகை உணர்த்துகின்றது.

இன்றைய மாணவர் கணினித் திரையிலும் போர் புரிகின்றனர். அவ்விளையாட்டுகளுட் பலவற்றில் சுடுவதே வெற்றி. வீழ்ந்தவனுக்குப் பெயரும் இல்லை. ஆயினும், போலந்து நாட்டில் உருவாகி 2014-இல் வெளிவந்த ‘திஸ் வார் ஆஃப் மைன்’ வேறு வழி சென்றது. 1992 முதல் 1996 வரை முற்றுகையில் வாடிய சரயேவோ நகரின் துயரமே அதற்குத் தூண்டுகோல். அதில் நாம் படைவீரர் அல்லோம்; உணவும் மருந்தும் தேடியலையும் குடிமக்கள். முதிய தம்பதியர் வீட்டிற் புகுந்து திருடினால் பசி தீரும். திருடியவர் உள்ளமோ உடைந்துபோகும். 2020-இல் போலந்து அரசு இவ்விளையாட்டைப் பள்ளிகளுக்குரிய பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது.

கூத்தைக் காண்பவர் இரங்குகின்றார். விளையாடுபவரோ, செய்தவர் தாமே ஆதலின், பொறுப்பையும் உணர்கின்றார். இனித் திரையில் ‘வெற்றி’ என ஒளிரும்போது, அங்கே ஒலிக்காமற்போன ஒப்பாரி யாருடையது என்று எண்ணிப் பாருங்கள்.