டிபன் பாக்ஸும் மூச்சு விடுது, சார்!

ஆபீஸுக்கு நீங்கள் தூக்கிக்கொண்டு போகிற எவர்சில்வர் டிபன் பாக்ஸில் ஏறக்குறைய முக்கால்வாசி வெறும் இரும்புதான். வீட்டு ஜன்னல் கம்பியும் இரும்புதான். கம்பி துருப்பிடிக்கிறது, டிபன் பாக்ஸ் பளபளக்கிறது. காற்றுக்கு ஏன் இந்த ஓரவஞ்சனை?

இரும்போடு ஈரமும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் துரு. அது செதில் செதிலாக உதிரும். உள்ளேயிருக்கிற புது இரும்பு வெளியே வரும். அதையும் தின்னும். கந்துவட்டிக்காரன் மாதிரி, ஆள் காலியாகிற வரைக்கும் விடாது!

எவர்சில்வரில் (கம்பெனிக்காரர்கள் பாஷையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குரோமியம் என்று ஒரு கெட்டிக்காரர் இருக்கிறார். குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால் போதும். காற்று பட்டதுமே ஆக்ஸிஜனைப் பிடித்து மேலே ஒரு படலம் போட்டுவிடுவார். கனம் சில நானோமீட்டர்தான். தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு! ஆனால் உதிராது, காற்றை உள்ளே விடாது. கீறல் விழுந்தாலும் காற்று பட்டதும் கிழிசல் தானே தைத்துக்கொள்ளும். அதாவது, கம்பியைக் கெடுக்கிற அதே ஆக்ஸிஜன்தான் பாத்திரத்துக்குக் காவல்காரன்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, சீக்கிரம் தேயாத துப்பாக்கிக் குழலுக்கு உலோகம் தேடினார். 1913-ல் 12.8 சதவீதம் குரோமியம் சேர்த்து உருக்கினார். அமிலம் ஊற்றினாலும் அது அசைந்து கொடுக்கவில்லை. 'இதில் கத்தி செய்யலாமே' என்றார். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த ஆசாமி என்று ஊரே கிண்டலடித்தது. கடைசியில் ஜெயித்தது கத்திதான்!

சரி, இந்தக் காவல்காரனுக்கு எதிரியே இல்லையா? இருக்கிறது. உப்பிலும் பிளீச்சிங் பவுடரிலும் உள்ள குளோரைடு, படலத்தைத் துளைத்துவிடும். இடுக்கில் அழுக்கு அடைத்துக் காற்று புகாவிட்டால் கிழிசலைத் தைக்க ஆளில்லை. வெளியே ஊசிமுனைப் புள்ளிதான் தெரியும். உள்ளே பள்ளம் இறங்கிக்கொண்டே போகும்.

பாத்திரத்தில் என்றால் சில்லறை நஷ்டம். 1985 மே மாதம் சுவிட்சர்லாந்தின் உஸ்டர் நகரில் நடந்தது அப்படியில்லை. ஒரு உள்ளரங்க நீச்சல்குளத்தின் கான்கிரீட் உட்கூரையை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள்தான் தாங்கிக்கொண்டிருந்தன. குளத்துக் குளோரின் காற்றில் கலந்து, குளோரைடாகக் கம்பிகளில் படிந்தது. பாரம் வேறு இழுக்க, விரிசல் விட்டது. கூரை இடிந்து 12 பேர் இறந்துபோனார்கள்.

'எவர்' என்பது பெயரில்தான் சார். உப்புத் தண்ணீரை ராத்திரி முழுக்க ஊற வைக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் பட்டால் உடனே அலசுங்கள். கழுவித் துடைத்து மூடியைத் திறந்தே வையுங்கள். அதுவும் கொஞ்சம் மூச்சு விடட்டுமே!